வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை: லேப்டாப்பின் வழித்தடக் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் களைதல்

லேப்டாப்பின் மூலையில் வைஃபை சின்னம் முழுக் கோடுகளோடு தெரிகிறது. அதே அறையில், அதே வைஃபையில் இருக்கும் கைபேசியில் எல்லாம் ஓடுகிறது. லேப்டாப்பில் மட்டும் ஒரு பக்கமும் திறப்பதில்லை. அல்லது சில பக்கங்கள் திறக்கின்றன, சில சுற்றிக்கொண்டே நிற்கின்றன. இந்த நிலையில் பெரும்பாலோர் முதலில் செய்வது ரவுட்டரை அணைத்துப் போடுவதுதான். ஆனால் கைபேசியில் இணையம் வருகிறது என்றால் ரவுட்டரைச் சந்தேகிக்கக் காரணம் குறைவு. லேப்டாப் தன் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துணுக்குகளை, எந்த வழியாக வெளியே அனுப்புகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அலைக்கோடுகள் காட்டுவது லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையிலான ரேடியோ இணைப்பின் வலிமையை மட்டுமே. அதற்கு அப்பால் நடப்பதைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

இந்த வழிமுறை உபுண்டு போன்று நெட்வொர்க்மேனேஜர் என்ற இணைப்பு மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்தும் லினக்ஸ் லேப்டாப்புகளை முதன்மையாக வைத்து எழுதப்பட்டது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் இணையான வழி வேறுபடும் இடங்களில் அதையும் குறிப்பிட்டிருக்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். கட்டளைச் சாளரத்தில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்; விலக்கு இருந்தால் அங்கேயே சொல்லியிருக்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியவை

எதையும் மாற்றுவதற்கு முன் வழித்தட அட்டவணையை, அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்று லேப்டாப் வைத்திருக்கும் பட்டியலை, படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மறுதொடக்கம் செய்தால் கோளாறு தற்காலிகமாக மறைந்துவிடலாம். அதோடு கோளாறுக்கான தடயமும் மறைந்துவிடும், மறுநாள் அதே தொல்லை திரும்ப வரும்.

லினக்ஸில் "ஐபி ரூட்" என்ற கட்டளையும் விண்டோஸில் "ரூட் பிரிண்ட்" என்ற கட்டளையும் வழித்தட அட்டவணையைக் காட்டும். வீட்டு வைஃபையில் மட்டும் இணைந்திருக்கும் ஒரு லேப்டாப்பில் இரண்டு வரிகள் இருந்தால் போதும். முதல் வரி "டீஃபால்ட் வயா 192.168.1.1" என்று தொடங்கி, வைஃபை இடைமுகத்தின் (லேப்டாப்பின் வைஃபை இணைப்பு முனை) பெயரோடும் மெட்ரிக் 600 என்ற முன்னுரிமை எண்ணோடும் முடியும், வேறு எங்கும் பொருந்தாத எல்லா முகவரிகளுக்கும் உரிய பாக்கெட்டுகளை 192.168.1.1 என்ற கேட்வேயிடம், அதாவது வெளியே போகும் வாசலான ரவுட்டரிடம், கொடு என்பது அதன் பொருள். இரண்டாவது வரி 192.168.1.0/24 என்பது, 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன, யார் மூலமாகவும் போக வேண்டாம், நேராக வைஃபையிலேயே அனுப்பு என்பது அதன் பொருள். வைஃபை இடைமுகத்தின் பெயர் லினக்ஸில் பொதுவாக "டபிள்யூஎல்" என்றும், கம்பி இணைப்பின் பெயர் "ஈஎன்" என்றும் தொடங்கும்.

அட்டவணையில் பல வரிகள் ஒரே முகவரிக்குப் பொருந்தும்போது எது வெல்லும் என்பதற்கு இரண்டு விதிகள் உண்டு. அதிகத் துல்லியமான வரி, அதாவது சாய்கோட்டுக்குப் பின்னால் பெரிய எண் உள்ள வரி, எப்போதும் வெல்லும். துல்லியம் சமமாக இருந்தால் மட்டுமே மெட்ரிக் பார்க்கப்படும், அதில் சிறிய எண் வெல்லும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு விதிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. மெட்ரிக்கைக் குறைத்தும் பயனில்லையே என்று சலித்துக்கொள்பவர்கள் பலரும் முதல் விதியை மறந்தவர்கள்.

அட்டவணையை நாமே கணக்குப் போட்டுப் படிப்பதைக் காட்டிலும் லேப்டாப்பையே கேட்டுவிடுவது எளிது. "ஐபி ரூட் கெட் 8.8.8.8" என்று தட்டினால், அந்த முகவரிக்கு (கூகுளின் பொதுச் சர்வர் ஒன்றின் முகவரி அது) போகும் பாக்கெட் எந்தக் கேட்வே வழியாக, எந்த இடைமுகத்தில், எந்த மூல முகவரியோடு புறப்படும் என்பதை ஒரே வரியில் சொல்லிவிடும். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து "ஃபைண்ட்-நெட்ரூட்" என்ற கட்டளைக்கு அதே முகவரியைக் கொடுக்கலாம். இந்தப் பணியில் ஒரே ஒரு கட்டளையைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பிங் சொல்லும் சொற்களைப் பிரித்துப் படித்தல்

பிங் என்பது ஒரு முகவரிக்குச் சிறு பாக்கெட் அனுப்பி விடை வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. பிங் தோற்றது என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. அது எப்படித் தோற்றது என்பதில்தான் செய்தி இருக்கிறது. கேட்வேயின் முகவரி, பிறகு 8.8.8.8, பிறகு ஏதாவதொரு தளத்தின் பெயர் என்ற வரிசையில் பிங் செய்து, திரையில் வரும் சொற்களை அப்படியே படியுங்கள்.

"நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்" என்று கண நேரத்தில் விடை வந்தால், பாக்கெட் புறப்படவே இல்லை. அட்டவணையில் அதற்குப் பொருந்தும் வரி கிடையாது. விண்டோஸில் இதே நிலை "டிரான்ஸ்மிட் ஃபெயில்டு, ஜெனரல் ஃபெயிலியர்" என்று வரும். "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று சில வினாடிகள் கழித்து, அதுவும் உங்கள் லேப்டாப்பின் சொந்த முகவரியிலிருந்தே வந்தால், வழி இருக்கிறது, ஆனால் அந்த வழியில் அடுத்து நிற்க வேண்டிய சாதனம் குரல் கொடுக்கவில்லை. லினக்ஸில் "ஆபரேஷன் நாட் பர்மிட்டெட்" என்று வந்தால் லேப்டாப்பிலேயே உள்ள தீச்சுவர் (ஃபயர்வால்) தடுக்கிறது என்று கொள்ளலாம். எதுவுமே வராமல் நேரம் கடந்துபோனால், பாக்கெட் வெளியே போயிருக்கிறது, விடை திரும்பவில்லை. இந்த நான்கும் நான்கு வேறு இடங்களைக் கைகாட்டுகின்றன. எல்லாவற்றையும் "நெட் இல்லை" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால்தான் தேடல் நீள்கிறது.

அறிகுறி: முகவரி 169.254 என்று தொடங்குகிறது, அல்லது முகவரியே இல்லை

இதை வழித்தடக் கோளாறு என்று சொல்ல முடியாது. ரவுட்டரிலிருந்து டிஎச்சிபி (முகவரியைத் தானாக ஒதுக்கும் முறை) மூலம் முகவரி கிடைக்காதபோது விண்டோஸ் தானாகவே 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றை எடுத்துக்கொள்கிறது. அந்த முகவரிக்குக் கேட்வே கிடையாது. ரவுட்டரில் மேக் முகவரி (சாதனத்தின் வன்பொருள் முகவரி) வடிகட்டி இருக்கிறதா, ஒதுக்குவதற்கான முகவரிகள் தீர்ந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் "ஐபிகான்ஃபிக்" கட்டளையின் ரிலீஸ், ரென்யூ ஆகிய இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து இயக்கினால் புதிதாகக் கேட்கும்.

லினக்ஸில் இதே கோளாறு வேறு வேடத்தில் வருகிறது. நெட்வொர்க்மேனேஜர் இயல்பாக 45 வினாடிகள் காத்திருந்துவிட்டு, முகவரி வரவில்லை என்றால் இணைப்பைத் துண்டித்து மறுபடி முயலும். பயனருக்கு வைஃபை விட்டு விட்டு இணைவது போலத் தெரியும், கடவுச்சொல் தவறோ என்று மீண்டும் மீண்டும் தட்டுவார். இன்னொரு வகை உண்டு: ஐபிவி6 (புதிய வகை) முகவரி மட்டும் கிடைத்துவிட்டால் நெட்வொர்க்மேனேஜர் அதையே போதுமென்று வைத்துக்கொண்டு இணைப்பை நிலைநிறுத்திவிடும். அப்போது கூகுள், யூடியூப் போல ஐபிவி6 வசதியுள்ள தளங்கள் திறக்கும், அந்த வசதி இல்லாத தளங்கள் ஒன்றுகூடத் திறக்காது. அந்தத் தளங்களைத்தான் யாரோ முடக்கிவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். "ஐபி அட்ரஸ்" கட்டளையில் ஐபிவி4 (192.168.1.1 போன்ற பழைய வகை) வரி இல்லாததைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அறிகுறி: கேட்வே பிங்குக்கு விடையளிக்கிறது, 8.8.8.8 விடையளிக்கவில்லை

வழித்தடக் கோளாறு என்ற பெயருக்கு முழுத் தகுதியுடையது இதுதான். நடைமுறையில் மிகுதியாகக் காணப்படும் காரணம், அட்டவணையில் இரண்டு டீஃபால்ட் வரிகள் இருப்பது.

எடுத்துக்காட்டாக, கண்காணிப்புக் கேமராவின் டிவிஆர் பெட்டியைச் சரிபார்க்க லேப்டாப்பிலிருந்து ஒரு லேன் கம்பியை அதனோடு இணைக்கிறோம். அதற்காகக் கம்பி இணைப்புக்குக் கையால் 192.168.10.5 என்ற முகவரியும், பழக்க தோஷத்தில் 192.168.10.1 என்ற கேட்வேயும் கொடுத்துவிடுகிறோம். அந்தக் கேட்வேயில் எந்த இணையமும் இல்லை. ஏன், அப்படி ஒரு சாதனமே இல்லை. ஆனால் நெட்வொர்க்மேனேஜர் கம்பி இணைப்புக்கு இயல்பாக மெட்ரிக் 100 தருகிறது, வைஃபைக்கு 600 தருகிறது. இரண்டு டீஃபால்ட் வரிகளும் துல்லியத்தில் சமம் என்பதால் மெட்ரிக் சிறியது வெல்கிறது; உலகுக்கெல்லாம் போக வேண்டிய பாக்கெட்டுகள் டிவிஆர் பெட்டியின் பக்கம் போய் நிற்கின்றன. வைஃபை கேட்வேயோ பக்கத்து முகவரி என்பதால், அதற்கான தனி வரியின் வழியே, பிங்குக்கு ஒழுங்காக விடையளித்துக்கொண்டிருக்கும். கம்பியைப் பிடுங்கினால் சரியாகும், செருகினால் கெடும். இந்தப் பழுதின் கையொப்பம் இது.

கையால் கொடுத்த கேட்வேயை நீக்குவதே நேரான தீர்வு. ஒரே வலைப்பின்னலுக்குள் இருக்கும் பெட்டியோடு பேசக் கேட்வே தேவையே இல்லை. கம்பி இணைப்பு டிஎச்சிபி மூலம் கேட்வே பெறுகிறது என்றால், லினக்ஸில் அந்த இணைப்பின் ஐபிவி4 அமைப்புகளில், இந்த இணைப்பை அதன் சொந்த வலைப்பின்னலுக்கு மட்டும் பயன்படுத்து என்ற பொருளில் ஒரு தேர்வுப்பெட்டி இருக்கும். அதை டிக் செய்துவிட்டு இணைப்பை அணைத்து இயக்க வேண்டும். "என்எம்சிஎல்ஐ" கட்டளை மூலம் செய்பவர்கள் "ஐபிவி4.நெவர்-டீஃபால்ட்" என்ற பண்புக்கு "எஸ்" (yes) கொடுத்தால் அதே பலன். விண்டோஸில் கம்பி அடாப்டரின் பண்புகளில் ஐபிவி4, பிறகு அட்வான்ஸ்டு என்று சென்று, தானியங்கி மெட்ரிக் என்பதன் டிக்கை எடுத்துவிட்டு, வைஃபையின் எண்ணைவிடப் பெரிய எண் ஒன்றைக் கொடுக்கலாம். தானாக விட்டால் விண்டோஸ் இணைப்பின் வேகத்தைப் பார்த்து மெட்ரிக்கைத் தீர்மானிக்கிறது. "ரூட் பிரிண்ட்" காட்டும் எண் வரியின் மெட்ரிக்கும் அடாப்டரின் மெட்ரிக்கும் சேர்ந்த கூட்டுத்தொகை என்பதால், நாம் கொடுத்த எண் அப்படியே அங்கே தெரியாவிட்டால் குழம்ப வேண்டாம்.

இங்கே இன்னொரு எண்ணையும் கண்ணில் வைத்திருப்பது நல்லது. வைஃபையின் மெட்ரிக் 600 என்று இருக்க வேண்டிய இடத்தில் 20600 என்று இருந்தால், யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று பொருளில்லை. இணையச் சோதனை இயக்கப்பட்டிருக்கும்போது, ஓர் இணைப்பில் இணையம் கிடைக்கவில்லை என்று நெட்வொர்க்மேனேஜர் முடிவு செய்தால், அந்த இணைப்பின் மெட்ரிக்கோடு 20000 சேர்த்து அதைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுகிறது. ஆகவே அந்த எண் நோய் அல்ல, நோயைச் சொல்லும் குறிப்பு. உண்மையில் இணையம் ஏன் வரவில்லை என்று தொடர்ந்து தேட வேண்டும். விடுதிகளிலும் ரயில் நிலையங்களிலும் இப்படித் தெரிந்தால், உள்நுழைவுப் பக்கம் ஒன்று காத்திருக்கிறது என்று கொள்ளலாம். விபிஎன்னை (மறையாக்கச் சுரங்க இணைப்பை) அணைத்து, கையால் கொடுத்த டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக்கும் சேவை) முகவரியை நீக்கிவிட்டு, உலாவியில் கேட்வேயின் முகவரியைத் தட்டினால் பெரும்பாலும் அந்தப் பக்கம் வந்துவிடும்.

டீஃபால்ட் வரியே இல்லாமல் இருப்பதும் உண்டு. வேறு இடத்துக்காகக் கையால் அமைத்த முகவரி அப்படியே தங்கிவிட்டதா, அதில் கேட்வே கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு இணைப்புகளுக்குக் கையால் முகவரி கொடுக்க வேண்டிய தேவை மிகக் குறைவு. நிலையான முகவரி வேண்டுமென்றால் அதை ரவுட்டரிலேயே ஒதுக்கிவைப்பது மேல்.

அறிகுறி: விபிஎன்னைத் துண்டித்த பிறகு இணையம் போய்விட்டது

டீஃபால்ட் வரி சரியாகவே இருக்கும், வைஃபை கேட்வே விடையளிக்கும், ஆனால் வெளியே ஒன்றும் போகாது. அட்டவணையை மேலிருந்து கீழாக முழுவதும் படித்தால் 0.0.0.0/1 என்றும் 128.0.0.0/1 என்றும் இரண்டு வரிகள் கண்ணில் படலாம். ஓபன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருள் கையாளும் உத்தி இது: பழைய டீஃபால்ட் வரியைத் தொடாமல், மொத்த முகவரி வெளியையும் இரண்டு பாதியாகப் பிரித்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பாதி என்பது முழுமையைவிட ஒரு படி துல்லியமானது என்பதால், மெட்ரிக் எதுவாக இருந்தாலும் இந்த இரண்டு வரிகளே வெல்கின்றன. விபிஎன் ஒழுங்காக முடியும்போது அவையும் போய்விடும். மென்பொருள் தொங்கிப்போய் அதன் சுரங்க இடைமுகம் மட்டும் உயிரோடு இருந்தால் அவையும் இருக்கும்.

லினக்ஸில் அந்த மென்பொருளின் செயலாக்கத்தை முழுமையாக நிறுத்திவிட்டு, அப்போதும் "டன்0" (tun0) என்ற இடைமுகம் இருந்தால் "ஐபி லிங்க் டெலீட் டன்0" என்று நிர்வாகி உரிமையோடு இயக்கினால், அதைச் சார்ந்த வரிகளும் சேர்ந்து நீங்கும். விண்டோஸில் "ரூட் டெலீட் 0.0.0.0 மாஸ்க் 128.0.0.0" என்று இயக்கி, 128.0.0.0 என்ற முகவரிக்கும் அதே மாஸ்க்கோடு மீண்டும் இயக்க வேண்டும். மாஸ்க்கைக் குறிப்பிடாமல் முதல் கட்டளையை இயக்கினால் உண்மையான டீஃபால்ட் வரியும் சேர்ந்து அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

வயர்கார்டு என்ற விபிஎன் லினக்ஸில் வேறு விதமாக வேலை செய்கிறது. எல்லாப் பாக்கெட்டுகளையும் தன் வழியே இழுக்கும்போது, முதன்மை அட்டவணையைத் தொடாமல், வழக்கமாக 51820 என்ற எண்ணுள்ள தனி அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு, அதைப் பார் என்று ஒரு விதியை எழுதிவிடுகிறது. டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் அதே போல 52 என்ற அட்டவணையைப் பயன்படுத்துகிறது. "ஐபி ரூட்" முதன்மை அட்டவணையை மட்டுமே காட்டும் என்பதால், அதில் எல்லாம் சரியாக இருந்தும் பாக்கெட்டுகள் வேறு பக்கம் போகும் விந்தை இதனால்தான். "ஐபி ரூல்" என்று தட்டிப் பாருங்கள்: சாதாரண லேப்டாப்பில் 0, 32766, 32767 என்ற மூன்று விதிகள் மட்டுமே இருக்கும். நான்காவது ஒன்று இருந்தால் அதை எழுதியது யார் என்று கேட்பதே அடுத்த வேலை.

வழியும் சரி, விதியும் சரி, ஆனால் பிங் "ஆபரேஷன் நாட் பர்மிட்டெட்" என்கிறது என்றால், விபிஎன் மென்பொருளின் அவசரத் தடுப்பு வசதி இன்னும் இயங்குகிறது. விபிஎன் அறுந்தால் எதுவும் கசியக் கூடாது என்பதற்காக நாமே ஒரு நாள் இயக்கியதுதான் அது. மென்பொருளைத் திறந்து அதன் அமைப்புகளிலேயே அணைப்பது பாதுகாப்பான வழி. தீச்சுவர் விதிகளை மொத்தமாக அழித்துவிடும் கட்டளைகளை இதற்காக இயக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அறிகுறி: இணையம் எல்லாம் வருகிறது, கல்லூரியின் அல்லது அலுவலகத்தின் ஒரு சர்வர் மட்டும் கிடைக்கவில்லை

மென்பொருள் எழுதுபவர்களின் லேப்டாப்பில் இது அடிக்கடி வரும். 1996இல் வகுக்கப்பட்ட ஏற்பாட்டின்படி தனிப்பட்ட வலைப்பின்னல்களுக்கென்று மூன்று முகவரித் தொகுதிகளே உள்ளன: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை. வீடு, கல்லூரி, அலுவலகம், விபிஎன், லேப்டாப்புக்குள் ஓடும் மெய்நிகர் இயந்திரங்கள் எல்லாம் இவற்றிலிருந்தே எடுத்துக்கொள்வதால் மோதல் நேர்வதில் வியப்பில்லை.

டாக்கர் (கன்டெய்னர் எனும் தனித்தனி அடைப்புகளில் மென்பொருள்களை இயக்கும் கருவி) நிறுவியதும் 172.17.0.0/16 என்ற வரி அட்டவணையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒவ்வொரு புதிய திட்டத்தையும் டாக்கர் கம்போஸ் மூலம் இயக்கும்போது 172.18, 172.19 என்று அடுத்தடுத்த தொகுதிகளும் சேர்கின்றன. கல்லூரியின் சர்வர் 172.18.5.10 என்ற முகவரியில் இருந்தால், அதற்குப் போக வேண்டிய பாக்கெட் லேப்டாப்பைவிட்டு வெளியேறுவதே இல்லை. டாக்கரின் பாலத்துக்குள் (லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் மெய்நிகர் இடைமுகம்) போய், அங்கே அப்படி ஒருவரும் இல்லாமல் மடிந்துவிடுகிறது. அந்தத் திட்டத்தின் கன்டெய்னர்களை நிறுத்திவிட்டாலும் வரி அட்டவணையில் "லிங்க்டவுன்" என்ற குறிப்போடு அப்படியே இருக்கும். லினக்ஸ் கர்னல் இயல்பாக அந்தக் குறிப்பைப் பொருட்படுத்தாமல் அதே வரியைப் பயன்படுத்தும். "ஐபி ரூட் கெட் 172.18.5.10" என்று கேட்டால் வைஃபையின் பெயருக்குப் பதில் "பிஆர்-" என்று தொடங்கும் பாலத்தின் பெயர் வரும். கல்லூரியின் டிஎன்எஸ் சர்வரே அந்தத் தொகுதியில் இருந்தால் நிலைமை இன்னும் குழப்பமாகும்: எந்தத் தளமும் பெயரால் திறக்காது, எண்ணால் திறக்கும்.

பயன்படாத வலைப்பின்னல்களை "டாக்கர் நெட்வொர்க் புரூன்" நீக்கிவிடும். நிலையான தீர்வுக்கு, டாக்கரின் டீமன் அமைப்புக் கோப்பில் "டீஃபால்ட்-அட்ரஸ்-பூல்ஸ்" என்ற பகுதியில், உங்கள் நிறுவனத்தில் யாரும் பயன்படுத்தாத ஒரு தொகுதியைக் கொடுத்து டாக்கரை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஏற்கெனவே உருவான வலைப்பின்னல்கள் பழைய எண்களையே வைத்திருக்கும். அவற்றை நீக்கி மறுபடி உருவாக்கினால்தான் மாறும். விர்ச்சுவல்பாக்ஸின் 192.168.56.0/24, லினக்ஸ் மெய்நிகர் இயந்திரங்களின் 192.168.122.0/24 ஆகியவற்றாலும் இதே போன்ற மோதல் வரலாம், ஆனால் அரிது.

விபிஎன் வழியாக அலுவலகத்தில் நுழைபவர்களுக்கு இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. அலுவலகமும் 192.168.1.0/24, வீடும் 192.168.1.0/24. அலுவலகக் கோப்பு சர்வர் 192.168.1.50 என்றால் லேப்டாப் அதை வீட்டுக்குள்ளேயே தேடும். "ஐபி ரூட் கெட்" தரும் விடையில் "வயா" என்ற சொல்லே இல்லாமல் வைஃபை இடைமுகத்தின் பெயர் மட்டும் இருப்பதே தடயம்: லேப்டாப் அந்த முகவரியைப் பக்கத்து வீட்டுக்காரராக நினைக்கிறது. அவசரத்துக்கு 192.168.1.50/32 என்று ஒரே ஒரு முகவரிக்கான வரியைச் சுரங்க இடைமுகத்தின் மேல் சேர்த்தால், அதைவிடத் துல்லியமான வரி இருக்க முடியாது என்பதால், அந்தச் சர்வர் கிடைத்துவிடும். நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் வீட்டு ரவுட்டரின் உள் முகவரித் தொகுதியை 10.73.41.0/24 போல யாரும் தேர்ந்தெடுக்காத எண்ணுக்கு மாற்றிவிடுவதே நல்லது. சில நிமிட வேலைதான்; பிரின்டருக்கும் கேமராவுக்கும் கையால் கொடுத்த முகவரிகளை மட்டும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும்.

அறிகுறி: சில நிமிடம் வருகிறது, சில நிமிடம் வரவில்லை, இரண்டு ரவுட்டர்கள் உள்ள வீடு

ஃபைபர் இணைப்பு தரும் நிறுவனம் வைத்துவிட்டுப் போகும் பெட்டியே ஒரு ரவுட்டர்தான். அதன் சமிக்ஞை மாடிக்கு எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டரை வாங்கி, கம்பியை அதன் லேன் துளையில் செருகிவிட்டால், ஒரே வலைப்பின்னலில் இரண்டு டிஎச்சிபி சர்வர்கள் நின்று போட்டி போடும். இரண்டுமே ஆலையிலிருந்து 192.168.1.1 என்ற முகவரியோடு வந்திருந்தால் கேட்வேயின் முகவரி ஒன்று, ஆள் இரண்டு. "ஐபி நெய்" (ip neigh) என்ற கட்டளையைச் சிறிது இடைவெளி விட்டு இயக்கி, 192.168.1.1க்கு நேரே இருக்கும் மேக் முகவரி மாறுகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் "ஏஆர்பி" கட்டளையை "-ஏ" சேர்த்து இயக்க வேண்டும். மாறினால் வேறு சான்று தேவையில்லை.

இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் (வைஃபையை மட்டும் பரப்பும்) முறைக்கு மாற்றுங்கள். அந்த முறை அதில் இல்லையென்றால் அதன் டிஎச்சிபியை அணைத்து, முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, லேன் துளையிலேயே இணைக்கலாம். வேன் (இணையம் நுழையும்) துளையில் இணைத்துத் தனி வலைப்பின்னலாகவே வைத்துக்கொள்ள விரும்புவோர், உள் தொகுதியை முதல் பெட்டியிலிருந்து வேறுபட்டதாக வைக்க வேண்டும். வேன் பக்கமும் லேன் பக்கமும் ஒரே தொகுதியாக இருந்தால் அந்த ரவுட்டருக்கே எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாது.

அறிகுறி: பிங் ஓடுகிறது, சிறிய பக்கங்கள் திறக்கின்றன, பெரியவை பாதியில் நிற்கின்றன

பாதையில் எங்கோ ஒரு கண்ணி 1500 பைட் பாக்கெட்டைத் தாங்கவில்லை, அதைத் தெரிவிக்கும் ஐசிஎம்பி (பிழை அறிவிப்பு) செய்தியையும் யாரோ தடுக்கிறார்கள். கோப்பை மேலேற்றும்போது நிற்பதும், எஸ்எஸ்எச் வழியே தொலைக் கணினியில் நுழைந்த பின் ஒரு நீண்ட பட்டியலைக் கேட்டதும் திரை உறைவதும் இதன் வழக்கமான தோற்றங்கள்.

பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். அதோடு 28 பைட் தலைப்பு சேர்ந்தால் 1500 ஆகும். லினக்ஸில் "-எம் டு -எஸ் 1472" (-M do -s 1472, இதில் எம் மட்டும் பெரிய எழுத்து) என்றும், விண்டோஸில் "-எஃப் -எல் 1472" என்றும் சேர்க்க வேண்டும். அது தோற்று 1464 வென்றால், பாதையில் பெரும்பாலும் பிபிபிஓஇ என்ற வகை இணைப்பு இருக்கிறது. அதன் அளவு 1492. வயர்கார்டு சுரங்கத்துக்குள் வழக்கமான அளவு 1420. எது கடைசியாக வெல்கிறதோ அதோடு 28ஐக் கூட்டி, அந்த எண்ணை இடைமுகத்தின் எம்டியூவாக (பாக்கெட்டின் உச்ச அளவாக) வைத்துச் சோதியுங்கள். சரியானால், மாற்றத்தை லேப்டாப்பில் நிரந்தரமாக வைப்பதைக் காட்டிலும் ரவுட்டரில் எம்எஸ்எஸ் திருத்தத்தை (பாக்கெட் அளவைத் தானாகக் குறைக்கச் செய்யும் வசதியை) இயக்குவது எல்லாச் சாதனங்களுக்கும் பயன்படும்.

அறிகுறி: உலாவி ஓடுகிறது, மற்ற மென்பொருள்கள் தவிக்கின்றன

ஐபிவி6 வழி கெட்டுப்போயிருக்கலாம். உலாவிகள் ஐபிவி6, ஐபிவி4 இரண்டையும் ஏறத்தாழ கால் வினாடி இடைவெளியில் முயன்று, முதலில் விடை தந்ததைப் பிடித்துக்கொள்வதால் கோளாறு வெளியே தெரியாது. ஒன்றுக்காகக் காத்திருந்து தோற்ற பின்பே மற்றதற்குப் போகும் மென்பொருள்களில்தான் தெரியும். "பிங் -4", "பிங் -6" என்று ஒரே பெயருக்குத் தனித்தனியே அனுப்பி ஒப்பிடுங்கள்.

"ஐபி -6 ரூட்" காட்டும் டீஃபால்ட் வரியில் கேட்வேயின் முகவரி "எஃப்இ80" என்று தொடங்கும், அது இயல்புதான். அப்படி இரண்டு கேட்வேகள் தெரிந்தால், யாரோ ஒருவரின் சாதனம் தன்னை ரவுட்டர் என்று அறிவித்துக்கொண்டிருக்கிறது. இணைந்தவுடன் நன்றாக இருந்து, சுமார் அரை மணி கழித்து ஐபிவி6 மட்டும் சாகிறது என்றால் காரணம் வேறு: ரவுட்டரின் அறிவிப்புக்கு ஆயுள் உண்டு, பெரும்பாலும் 1800 வினாடிகள், அதைப் புதுப்பிக்கும் மல்டிகாஸ்ட் (பல சாதனங்களுக்கு ஒரே நேரத்தில் போகும்) அறிவிப்புகள் வைஃபையில் எங்கோ வடிகட்டப்படுகின்றன. ரவுட்டரிலோ ஆக்சஸ் பாயின்டிலோ மல்டிகாஸ்ட் தொடர்பான அமைப்பைப் பாருங்கள். லேப்டாப்பில் ஐபிவி6ஐ அணைப்பது சோதனைக்கு உதவும். அதையே மருந்தாக்கிவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் மற்ற சாதனங்களில் கோளாறு அப்படியே இருக்கும்.

அறிகுறி: எண்ணால் போகிறது, பெயரால் போகவில்லை

டிஎன்எஸ் கோளாறு. வழித்தடத்தைத் தொட வேண்டாம். உபுண்டுவில் பெயர்த்தீர்வு 127.0.0.53 என்ற உள்முகவரி வழியாகப் போவதால், உண்மையான சர்வர் யார் என்பதை "ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்" (resolvectl status) காட்டும். அந்தச் சர்வரின் முகவரியை "ஐபி ரூட் கெட்" கட்டளைக்கும் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். மேலே சொன்ன டாக்கர் மோதல் இங்கே ஒளிந்திருப்பதுண்டு.

அறிகுறி: இணையம் வருகிறது, அதே வைஃபையில் உள்ள பிரின்டர் மட்டும் கிடைக்கவில்லை

"ஐபி நெய்" பட்டியலில் பிரின்டரின் முகவரிக்கு நேரே "ஃபெயில்டு" என்று இருந்தால், ரவுட்டரில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுக்கும் வசதி இயங்குகிறதா, அல்லது லேப்டாப் விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: சரிசெய்கிறோம், மறுதொடக்கத்துக்குப் பின் மீண்டும் கெடுகிறது

"ஐபி ரூட்" மூலம் செய்யும் மாற்றம் எதுவும் மறுதொடக்கத்தைத் தாண்டி நிற்காது. இணைப்பை அணைத்து இயக்கினாலே போய்விடும். நெட்வொர்க்மேனேஜரின் இணைப்பு அமைப்புக்குள் எழுதினால்தான் நிலைக்கும். விண்டோஸில் இதற்கு எதிர்த்திசைத் தொல்லை: எப்போதோ "-பி" சேர்த்து எழுதிய ஒரு வரி, "ரூட் பிரிண்ட்" பட்டியலின் கீழே "பெர்சிஸ்டன்ட் ரூட்ஸ்" என்ற தலைப்பில் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பகுதி காலியாக இல்லையென்றால் ஒவ்வொரு வரிக்கும் காரணம் தெரிய வேண்டும். விண்டோஸ் அமைப்புகளில் உள்ள நெட்வொர்க் ரீசெட் என்ற பொத்தானைக் கடைசிவரை ஒத்திப்போடுங்கள். அது எல்லா அடாப்டர்களையும் நீக்கி மறுபடி நிறுவுவதால், விபிஎன் மென்பொருள்களையும் மெய்நிகர் சுவிட்சுகளையும் மீண்டும் அமைக்க வேண்டிவரும்.

அறிகுறி: லேப்டாப்பில் எல்லாம் சரி, ஆனாலும் வரவில்லை

"ஐபி ரூட் கெட்" சரியான கேட்வேயைச் சொல்கிறது, கேட்வே விடையளிக்கிறது, கைபேசியிலும் இப்போது இணையம் இல்லை. "டிரேஸ்ரூட்" அல்லது விண்டோஸின் "டிரேசர்ட்" கட்டளையை 8.8.8.8க்கு இயக்குங்கள். முதல் வரியில் கேட்வே வந்து, இரண்டாவதிலிருந்து எல்லாம் நட்சத்திரக் குறிகளாகவே முடிந்தால் பழுது வீட்டுக்கு வெளியே இருக்கிறது. இடையில் மட்டும் ஓரிரு நட்சத்திரங்கள் வந்து இறுதி முகவரி எட்டப்பட்டால் கவலை வேண்டாம், சில ரவுட்டர்கள் இந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்லை. இரண்டாவது வரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரியாக இருந்தாலும் அது தவறில்லை. நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குள் அடக்கப் பயன்படுத்தும் தொகுதி அது.

புகார் செய்யும்போது ஃபைபர் பெட்டியில் "எல்ஓஎஸ்" என்று எழுதிய விளக்கையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அது சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஒளிச் சமிக்ஞை பெட்டிக்கு வந்து சேரவில்லை, கம்பி எங்கோ வளைந்திருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. அது எரியாமல், "டிரேஸ்ரூட்" இரண்டாவது வரியில் நிற்கிறது என்று சொன்னால், ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லும் முதல் கட்டத்தைத் தாண்டி உங்கள் புகாரை மேலே அனுப்புவார்கள்.